அடிபட்ட நாயை வீட்டில் வைத்துப் பராமரிக்கலாமா?

தெருவில் வண்டி மோதிக் கிடக்கும் நாயைப் பார்த்துவிட்டு ஓடி வரும் பிள்ளை நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி, "நம்ம வீட்டுல வச்சுப் பார்த்துக்கலாமா?" என்பதுதான். பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பதில் தயாராக இருக்கிறது. "நாய் நஜீஸ், தொடாதே, உள்ளே வா." அந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிடும். பிள்ளை சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கும். இரவில் அந்த முனகல் சத்தம் நின்ற பிறகுதான் அதுவும் தூங்கும்.

நஜீஸ் என்பது மார்க்கச் சட்டம்; அதில் நமக்கு மறுப்பு இல்லை. ஆனால் அது கழுவுவது பற்றிய சட்டம். கைவிடுவதற்கான அனுமதியாக அதைப் படிப்பது சரியல்ல. ஆசைக்காக வீட்டுக்குள் நாய் வளர்ப்பது ஒன்று, அடிபட்ட நாயைக் குணமாகும் வரை பார்த்துக்கொள்வது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இரக்கம் உள்ள குடும்பங்களும் தயங்கி நின்றுவிடுகின்றன.

தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் தண்ணீர் மொண்டு, அதை வாயில் கவ்வியபடி ஏறி வந்து புகட்டிய மனிதரின் செய்தி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவானது அது. அல்லாஹ் அவருடைய செயலை ஏற்று மன்னித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, விலங்குகள் விஷயத்திலும் நமக்கு நற்கூலி உண்டா என்று தோழர்கள் கேட்டார்கள். உயிருள்ள ஒவ்வொன்றிலும் உண்டு என்ற கருத்தில் பதில் வந்தது. தவறான வழியில் வாழ்ந்த ஒரு பெண் நாய்க்குத் தண்ணீர் கொடுத்ததால் மன்னிக்கப்பட்ட செய்தியும் அதே நூல்களில் இருக்கிறது. இரண்டிலும் நாய்தான் வருகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆடு, ஒட்டகம், புறா என்று எத்தனையோ இருக்க, உமிழ்நீர் அசுத்தம் என்று சொல்லப்பட்ட பிராணியை வைத்தே இந்தப் பாடம் வந்திருக்கிறது.

மறுபக்கமும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. வேட்டை, கால்நடைக் காவல், விவசாயம் ஆகிய தேவைகள் இல்லாமல் நாய் வைத்திருப்பவரின் நன்மையில் தினமும் கீராத் அளவு குறைகிறது என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. நாய் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்ற ஹதீஸும் உண்டு. ஆகவே வீட்டின் உள்ளே, தொழும் அறைக்குப் பக்கத்தில், கட்டிலுக்கு அடியில் என்று நாயை வைத்துக்கொள்ள நாம் யாருக்கும் சொல்லவில்லை. கீராத் பற்றிய எச்சரிக்கை ஒரு நாயைத் தனக்கென வைத்துக்கொள்வது பற்றியது. எலும்பு கூடும் வரை கொல்லைப்புறத்தில் மருந்து போட்டுவிட்டு அனுப்பி வைப்பது அந்த வகையில் சேராது என்றே நமக்குப் படுகிறது. உங்கள் வீட்டு அமைப்பைச் சொல்லி உங்கள் மஹல்லா ஆலிமிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

ஷாஃபி மத்ஹபின் சட்ட நூல்களில் தயம்மும் பாடத்தில் ஒரு விஷயம் வரும். கையில் இருக்கும் தண்ணீர் ஒளுவுக்கு மட்டும்தான் போதும், பக்கத்தில் மதிப்புக்குரிய ஓர் உயிர் தாகத்தில் இருக்கிறது என்றால், தண்ணீரை அந்த உயிருக்குக் கொடுத்துவிட்டு தயம்மும் செய்துகொள்ள வேண்டும். கடித்துக் குதறும் நாயை இதிலிருந்து விலக்குகிறார்கள். வேட்டை நாய், காவல் நாய் இதில் அடங்கும். எந்தப் பயனும் இல்லாத, ஆனால் தீங்கும் செய்யாத நாய் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு; பிற்கால ஷாஃபி அறிஞர்கள் பலர் அதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். நாயின் விஷயத்தில் மிகக் கடுமையாகக் கழுவச் சொல்லும் மத்ஹபே இப்படியும் சொல்கிறது.

கழுவும் சட்டம் நடைமுறையில்

நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப். அதன்படி நாயின் உமிழ்நீர், சிறுநீர், ஈரமான உடல் எது பட்டாலும் ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால். ஹனஃபி மத்ஹபில் உமிழ்நீர்தான் அசுத்தம், உடல் அல்ல. மூன்று முறை கழுவினால் போதும். மாலிக்கி மத்ஹபில் நாய் சுத்தமான பிராணி. நாய் வாய் வைத்த பாத்திரத்தைக் கழுவுவது வணக்க வழிபாடாகச் செய்யப்படுவது. ஒரே ஊரில் மாமனார் வீடு ஒரு மத்ஹபாகவும் மருமகள் வீடு வேறு மத்ஹபாகவும் இருப்பது சகஜம். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று, ஷாஃபி மத்ஹபிலும் நாயின் ரோமமும் நம் கையும் இரண்டுமே உலர்ந்திருந்தால் அசுத்தம் ஒட்டுவதில்லை என்பது. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் பள்ளிவாசலுக்குள் நாய்கள் வந்து போகும், அதற்காகத் தண்ணீர் தெளிக்க மாட்டார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. அசுத்தத்தைத் தேவையில்லாமல் பூசிக்கொள்வதுதான் தடை. வைத்தியம் போன்ற தேவைக்காகத் தொட்டால் தவறில்லை. கழுவிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஒரு நாயை ஒன்பது வாரம் வைத்திருந்தோம். சட்டத்தைக் காப்பாற்றுவது நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. கொல்லையில் தகரக் கூரை போட்ட இடம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு வாளி நிறையச் சுத்தமான ஆற்று மணல், தனிக் குழாய், தனிக் குவளை, கொடியில் ஒரு பழைய சட்டையும் கைலியும், வாசலில் ஒரு ஜோடி செருப்பு, ஒரு பெட்டி கையுறை. அந்தச் சட்டையும் செருப்பும் அந்த எல்லையைத் தாண்டி வராது. நாயின் தட்டு அடுப்படிக்கு வராது. மருந்து போடுவதை அஸர் தொழுத பிறகு வைத்துக்கொண்டோம். குளித்து முடித்து மஃரிபுக்கு நிற்க நேரம் சரியாக இருக்கும். கையுறை போட்டிருந்தால் பெரும்பாலான நாள்கள் கழுவ வேண்டிய அவசியமே வராது. உம்மம்மாதான் முதலில் எதிர்த்தார். "வீட்டுக்குள்ள மட்டும் கொண்டு வராதீங்க வாப்பா" என்றவர், மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கொல்லைக்கதவைத் திறந்து, "அது தண்ணி குடிச்சிச்சா?" என்று கேட்டார்.

முதல் ஒரு மணி நேரம்

அது ஏறத்தாழ ஒரு வயதுப் பெட்டை, செம்மண் நிறம். சரக்கு வேன் ஒன்று இடுப்பில் மோதிவிட்டுப் போயிருந்தது. முன்னங்கால்களால் இழுத்துக்கொண்டு சாக்கடை ஓரம் போய்ப் படுத்திருந்தது. இந்த மாதிரி நாயைக் கையால் தூக்கக் கூடாது. வலியில் இருக்கும் நாய், சோறு போட்டவரையும் கடிக்கும். பழைய போர்வையை மேலே போட்டு, மெதுவாகப் பலகை மீதோ தடித்த அட்டை மீதோ நகர்த்தி, பலகையோடு தூக்க வேண்டும். முதுகெலும்பு முறிந்திருந்தால் உடலை வளைத்துத் தூக்குவதே அதை நிரந்தரமாக முடமாக்கிவிடும். வாயைத் துணிப்பட்டையால் கட்டலாம். ஆனால் மூச்சு வாங்கினாலோ வாந்தி எடுத்தாலோ கட்டவே கூடாது. அரை மயக்கத்தில் இருப்பதன் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். உதட்டை லேசாக விலக்கி ஈறைப் பார்த்தால் ஒன்று தெரியும்: இளஞ்சிவப்பாக இருந்தால் ஆறுதல், வெளுத்திருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

எங்கே கொண்டு போவது? மாவட்டத் தலைநகரங்களில் அரசின் கால்நடை பன்முக மருத்துவமனை இருக்கும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிகளும் சிகிச்சை தருகின்றன. சென்னையில் புளூ கிராஸ் 1959 முதல் இயங்கி வருகிறது. 1962 என்ற எண்ணில் அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கூப்பிடலாம். அது முதன்மையாக ஆடு மாடுகளுக்கானது என்றாலும் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

மருத்துவர் முதலில் செய்தது எங்களுக்குப் புரியவில்லை. பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினார். நாய் திரும்பிப் பார்த்து ஊளையிட்டது. எங்களுக்குக் கோபம், அவருக்கோ முகத்தில் நிம்மதி. வலியை மூளை உணர்கிறது என்றால் தண்டுவட நரம்பு அறுபடவில்லை, நடக்க வாய்ப்பு உண்டு என்றார். கால் தானாக மடங்குவது மட்டும் போதாதாம். அது வெறும் அனிச்சைச் செயலாக இருக்கலாம். திரும்பிப் பார்ப்பதோ கத்துவதோதான் நல்ல அடையாளம். எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. சுற்றிலும் தடித்த தசை இருப்பதால் இடுப்பெலும்பு முறிவுகளில் பலவும் அறுவை சிகிச்சை இல்லாமலே கூடிவிடும். மருந்து என்னவென்றால் அசையாமல் கிடப்பது. தொடை மூட்டுக் குழியில் முறிவு இருந்தால் நிலைமை வேறு, அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

கிடப்பில் இருக்கும் வாரங்கள்

ஆறு முதல் எட்டு வாரம் வரை கூண்டிலோ சிறிய தடுப்புக்குள்ளோ வைத்திருக்க வேண்டும். எழுந்து திரும்பிப் படுக்கும் அளவு இடம், அதற்கு மேல் கூடாது. கேட்பதற்குக் கொடுமை போலத் தெரியும். ஆனால் இரண்டாவது வாரத்தில் வலி குறைந்ததும் அது ஓடப் பார்க்கும். அப்போதுதான் கூடி வரும் எலும்பு விலகும். பூனையைக் கட்டி வைத்து, உணவும் கொடுக்காமல், தானாக இரை தேட விடவும் இல்லாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்ட ஹதீஸ் இங்கேதான் நினைவுக்கு வர வேண்டும். அடைத்து வைத்துவிட்டால் அதன் ஒவ்வொரு வேளைச் சாப்பாடும், தண்ணீரும், நிழலும் நம் பொறுப்பு. கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறோம், இரண்டு நாள் தாங்கும் என்று கதவைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. அந்தப் பொறுப்பு முடியாத குடும்பம் மருத்துவச் செலவை ஏற்றுக்கொள்ளலாம், வண்டியில் கொண்டு போய்ச் சேர்க்கலாம். அதுவும் சின்ன உதவி அல்ல.

முதல் இரண்டு நாளும் நாம் பார்க்க வேண்டியது சிறுநீர். இடுப்பில் அடிபட்ட நாய்க்கு மூத்திரப்பை கிழிந்திருக்கலாம், அல்லது நரம்பு பழுதாகி வெளியேற முடியாமல் இருக்கலாம். அரை நாளுக்கு மேல் போகாவிட்டால் மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும். மலம் இறுகினால் முறிந்த இடுப்பில் பெரும் வேதனை. குழைந்த சோற்றோடு வேகவைத்த பூசணி கொஞ்சம் சேர்த்தால் இளகும். ஒரே பக்கம் கிடந்தால் படுக்கைப்புண் வரும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும், கீழே சாக்கும் அதன் மேல் துணியும் விரித்து, நனைந்ததும் மாற்ற வேண்டும். மூன்றாவது வாரம் மருத்துவர் அனுமதித்த பிறகு, அகலமான துண்டை அடிவயிற்றுக்குக் கீழே தொட்டில் மாதிரி கொடுத்து, பின்பாரத்தை நாம் தாங்கிக்கொண்டு பத்து அடி நடக்கவிட்டோம். நேரமானதும் அதுவே துண்டைப் பார்த்து வாலாட்டத் தொடங்கியது.

சாப்பாடு விஷயத்தில் நம் வீடுகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை. மிஞ்சிய பிரியாணியை அப்படியே வைத்துவிடுவது நம் பழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நெய்ச்சோற்றில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பழுதாக்கும். வெந்த கோழி எலும்பு ஊசி போல உடைந்து குடலைக் குத்தும். வெறும் சோறு, உப்பும் மசாலாவும் சேராத எலும்பு நீக்கிய கோழி, வெந்த முட்டை, இவை போதும். வலிக்கு நம் வீட்டு மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாய்க்கு விஷமாக மாறும்.

தெருநாய்களின் காயத்தில் ஈ மொய்த்து இரண்டே நாளில் புழு வைத்துவிடும். அதில் மண்ணெண்ணெயோ ஃபினாயிலோ ஊற்றுவது பழைய வழக்கம். புழுவோடு சதையும் வெந்துபோகும், நாய் நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். கால்நடை மருந்துக் கடைகளில் இதற்கென்றே ஸ்ப்ரே கிடைக்கிறது. ஆழமான புண்ணென்றால் மருத்துவமே வழி.

வெறிநோய் என்ற பயம்

இந்தப் பயம் நியாயமானது. ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதர் பிழைப்பது ஏறத்தாழ இல்லை. எனவே இரக்கத்தின் பெயரில் இதில் மட்டும் அசட்டை கூடாது. நாய் கடித்தாலும், நகத்தால் கீறினாலும், நம் காயத்தில் அதன் எச்சில் பட்டாலும் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பிறகு அரசு மருத்துவமனை. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் தடுப்பூசி இலவசமாகவே போடுகிறார்கள். ரத்தம் வந்த கடியென்றால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சள் வைத்தோம், சுண்ணாம்பு வைத்தோம், மந்திரித்தோம் என்று நாளைக் கடத்துவது உயிரோடு விளையாடுவது.

கொண்டு வந்த நாய்க்கு அன்றைக்கே ஊசி போட்டாலும், கிருமி முன்பே ஏறியிருந்தால் அந்த ஊசி காப்பாற்றாது. ஆகவே ஆரம்ப வாரங்களில் ஒரே ஒரு பெரியவர் மட்டும் கையாள்வது நல்லது. பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கலாம். பராமரிப்பவர் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளவும் வழி இருக்கிறது. கீழ்த்தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல் தவிக்கும் நாயைப் பார்த்து "எலும்பு சிக்கியிருக்கு" என்று வாய்க்குள் கைவிடுவது மிக ஆபத்தானது. ரேபிஸ் எப்போதும் வெறிபிடித்து ஓடுவதாக வராது. சாதுவாக, வாதம் கண்டது போலவும் வரும். அப்படிப்பட்டதைத் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் பரவும் என்பதால், ஷாஃபி வீட்டில் தூய்மைக்காகப் போடும் கையுறை உடல்நலத்துக்கும் உதவுகிறது.

குணமான பிறகு

இதை முதல் நாளே யோசித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் பெயர் வைத்துவிடுவார்கள், தற்காலிகம் என்பது நிரந்தரமாகிவிடும், பிறகு கீராத் பற்றிய கேள்வி உண்மையிலேயே நம் வாசலுக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் அதை "செவலை" என்று மட்டும் கூப்பிடுவது என்று பேசி வைத்துக்கொண்டோம். அதுவே பெயராகிப் போனது வேறு விஷயம்.

2023ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகளின்படி தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்றவற்றை அதே இடத்தில் விடச் சொன்னது. குறித்த இடங்களில் மட்டுமே உணவு வைக்க வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 7 உத்தரவில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றின் வளாகங்களிலிருந்து பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்றது. எனவே எங்கிருந்து எடுத்தோம் என்பதைக் குறித்து வைத்துக்கொள்வது அவசியம். கொண்டு போய் வேறு ஊரில் தள்ளிவிட்டு வருவது மட்டும் வேண்டாம். அறியாத எல்லையில் மற்ற நாய்கள் அதைக் குதறிவிடும்.

செவலைக்குப் பழைய தெரு சரிப்படாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஓட்டம் குறைந்த நாய்க்கு அந்த வேன் போகும் சாலை ஆகாது. கருத்தடை முடிந்து தையல் பிரித்த பிறகு, உறவினர் ஒருவரின் தென்னந்தோப்புக்குக் கொண்டு போனோம். அங்கே பதினைந்து ஆடுகள், ஒரு காவல்காரர், ராத்திரியில் நரி வரும் பயம். தோப்புக் காவலும் ஆட்டுக் காவலும் ஹதீஸே அனுமதித்த தேவைகள் என்பதால் அவர்களுக்கும் மனத்தடை இல்லை. இடது பின்னங்கால் இன்னும் லேசாகச் சாய்ந்துதான் விழுகிறது. காவல்காரர் சொல்வதைப் பார்த்தால், ஆடுகளை விரட்டுவதற்கு அது போதுமானதாம். வருடாந்திர ரேபிஸ் ஊசிக்கான தேதியை எங்கள் வீட்டு நாட்காட்டியில்தான் எழுதி வைத்திருக்கிறோம், எழுதியது உம்மம்மா.